கயிற்றைப் பிடிப்பது யார்?

கடந்த வருடம் எமது கல்லூரித் தமிழ் மன்றத்தின் விவாதப் போட்டிக்கு "இலங்கையில் தூக்குத் தண்டனை மீண்டும் நிறைவேற்றப்பட வேண்டும்" என்ற தலைப்பு கொடுக்கப்பட்டது. சீட்டுக் குலுக்கியபோது எமது அணிக்கு "வேண்டும்" என்ற பக்கம் விழுந்தது. எனக்கு அதில் கொஞ்சமும் கவலை இருக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் எதிர்வீட்டு நானா தூளுக்கு அடிமையாகி, இருபத்து நான்கு வயதில் மௌத்தான வருடம் அது. பெயர் சொல்லாமல் அவரது கதையைத்தான் என் பேச்சின் முடிவாக வைத்தேன். "அந்தத் தூளை விற்றவன் இன்றும் நடமாடுகிறான், அவனுக்கு ஒரு கயிறு இல்லையா?" என்று கேட்டபோது மண்டபமே அமைதியானது. பிறகு கைதட்டினார்கள். எமது அணி வென்றது.

பேச்சுக்காக நான் குறிப்பெடுத்த கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பாதிக் குறிப்புகளை நான் பேச்சில் சேர்க்கவில்லை. அவை எமது பக்கத்துக்கு உதவாதவை. விவாதம் என்றால் அப்படித்தான், எதிரணிக்கு நாமே ஆயுதம் கொடுப்பதில்லை. ஆனால் அந்தப் பாதிக் குறிப்புகள்தான் இத்தனை மாதமாக என்னைத் தொந்தரவு செய்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

கண்டி நகரில் போகம்பரைச் சிறையின் மதிலைக் கடக்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. 1876 இல் கட்டப்பட்ட அந்தச் சிறை 2014 இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் சிறை கட்டப்படுவதற்கு முன்பே அந்த இடத்தின் பெயர் மரணத்தோடு சேர்ந்ததுதான். 1814 இல் கண்டி மன்னன் எஹெலப்பொலவின் பிள்ளைகளை வெட்டுவித்ததும், தாயைப் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்ததும் வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். அடுத்த வருடம் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், இந்தக் கொடுமைகளை ஒழிக்கவே வந்தோம் என்றார்கள். 1815 ஆம் ஆண்டு கண்டி உடன்படிக்கையில் சித்திரவதையும் அங்கங்களை வெட்டுவதும் தடைசெய்யப்பட்டன. அதே உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு, ஆளுநரின் எழுத்துமூலமான கட்டளை இல்லாமல் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்றது. பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்த காலத்தில் எனக்கு இதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. இப்போது பார்த்தால், வாள் இருந்த இடத்துக்கு ஒரு பேனை வந்திருக்கிறது. கொல்லச் சொல்பவர் தூர இருக்கிறார், கையொப்பம் மட்டும் வருகிறது. இந்தக் கையொப்பம்தான் இருநூறு வருடம் கழித்து இன்னொரு இடத்தில் மீண்டும் வரப்போகிறது.

கொழும்பிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வரும்போது மாவனல்லையில் உதுவன்கந்த மலை தெரியும். சரதியலின் மலை. பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று அவனைப் பற்றிக் கதைகள் உண்டு. அவனது நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார் என்ற முஸ்லிம். 1864 மார்ச் 21 ஆம் திகதி அவர்களைப் பிடிக்கப்போன பொலிஸாரில் துவான் சபான் என்ற கான்ஸ்டபிள் சூடுபட்டு இறந்தார். இந்த நாட்டில் கடமையின்போது உயிரிழந்த முதலாவது பொலிஸ்காரர் அவர். இன்றும் மார்ச் 21 ஐ பொலிஸார் நினைவுநாளாக அனுஷ்டிக்கிறார்கள். சபான் மலாய் இனத்தவர், அவரும் முஸ்லிம். சரதியலும் மரிக்காரும் அதே வருடம் மே 7 ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். மார்ச் 21 க்கும் மே 7 க்கும் இடையில் ஏழு வாரம்கூட இல்லை. கொல்லப்பட்டவரும் நம்மவர், தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரும் நம்மவர். இதை வாசித்தபோது எந்தப் பக்கம் நின்று பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பேச்சில் விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் தூக்குத் தண்டனை மக்கள் பார்ப்பதற்காகவே நிறைவேற்றப்பட்டது. பார்த்தால்தான் பயம் வரும் என்பது வாதம். அப்படியானால் ஏன் நிறுத்தினார்கள்? இங்கிலாந்தில் கடைசிப் பகிரங்கத் தூக்கு 1868 இல் நடந்தது. அதன்பின் சட்டம் போட்டு அதைச் சிறை மதிலுக்குள் கொண்டுபோனார்கள். தூக்கைப் பார்க்கவந்த கூட்டம் பயப்படவில்லை, திருவிழா மாதிரிக் கூடியது. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பிக்பொக்கட்காரர்கள் தொழில் செய்தார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது, களவும் அதில் அடக்கம். களவுக்காக ஒருவன் தூக்கில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்பவனின் பையில் கைவிட ஆட்கள் இருந்தார்கள் என்றால், தூக்கு யாரைப் பயமுறுத்தியது?

மதிலுக்குள் போனபின் கணக்கு வந்தது. அதுவரை குறைந்த உயரத்திலிருந்து விழவைத்ததால் கழுத்து நெரிந்து பல நிமிடம் துடித்தே செத்தார்கள். 1866 இல் அயர்லாந்தைச் சேர்ந்த சாமுவேல் ஹோட்டன் என்ற மருத்துவர், உடம்பின் எடைக்கேற்ப எவ்வளவு தூரம் விழுந்தால் கழுத்தெலும்பு முறிந்து உடனே உயிர் போகும் என்று கணக்கிட்டு எழுதினார். 1872 இல் வில்லியம் மார்வுட் என்ற தூக்கிலிடுபவர் அப்படி நீண்ட தூரம் விழவைக்கும் முறையை நடைமுறைப்படுத்தினார். செருப்புத் தைப்பதுதான் அவரது தொழில். பாரம் கூடினால் தூரம் குறைவு, பாரம் குறைந்தால் தூரம் கூட. பிறகு அரசாங்கமே ஒரு குழுவை நியமித்து அட்டவணை தயாரித்தது. என் கொப்பியில் இந்தக் கணக்கை எழுதியபோது, கணித பாடத்தில் இப்படி ஒரு வினா வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக் கொப்பியை மூடிவிட்டேன்.

கணக்கு எல்லா நேரமும் சரிவரவும் இல்லை. 1885 இல் ஜோன் லீ என்பவரை எக்ஸிட்டர் சிறையில் நிறுத்தியபோது காலுக்குக் கீழிருந்த கதவு மூன்று தடவையும் திறக்கவில்லை. கடைசியில் அவரது தண்டனையைச் சிறைத் தண்டனையாக மாற்றினார்கள். எங்கள் நாட்டில் நடந்தது இதைவிட மோசம். மரு சிரா என்று அழைக்கப்பட்ட சிறிபால, சிறையிலிருந்து தப்பியோடுவதில் பெயர்போனவர். 1975 ஆகஸ்ட் 5 ஆம் திகதி அவரைத் தூக்கிலிடக் கொண்டுவந்தபோது அவருக்குச் சுயநினைவு இருக்கவில்லை, அந்தளவுக்கு மயக்கமருந்து கொடுக்கப்பட்டிருந்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து, படுத்த நிலையிலேயே கயிறு மாட்டினார்கள். நிற்கும் மனிதனுக்குப் போட்ட கணக்கு படுத்திருக்கும் மனிதனுக்கு எப்படிச் சரிவரும்? கழுத்து முறியவில்லை, நெரிந்து மெதுவாகவே உயிர் போனது. நாடே பேசியது, விசாரணை நடந்தது, பின்னர் படமும் எடுத்தார்கள். அடுத்த வருடம் 1976 ஜூன் 23 ஆம் திகதி வெலிக்கடையில் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். இந்த நாட்டில் அதுவே கடைசித் தூக்கு.

அதற்கு முன்பும் ஒருமுறை நாம் கயிற்றைக் கீழே வைத்திருக்கிறோம். 1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் மரண தண்டனையை இடைநிறுத்தியது. அதுபற்றி ஆராய நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவும் அதை மீண்டும் கொண்டுவரத் தேவையில்லை என்றது. ஆனால் 1959 செப்டெம்பரில் பிரதமரையே சுட்டுக் கொன்றார்கள். நாடு கொதித்தது. அந்த வருடம் முடியுமுன்பே மரண தண்டனை திரும்பி வந்தது. சுட்ட சோமாராம தேரர் 1962 ஜூலை 6 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். திட்டம் தீட்டியதாகக் குற்றவாளிகளாகக் காணப்பட்ட இருவருக்கும் முதலில் தூக்குத்தான் விதிக்கப்பட்டது. ஆனால் அவசரமாக எழுதிய புதிய சட்டம், முன்னர் நடந்த கொலைக்குப் பொருந்துமாறு எழுதப்பட்டிருந்ததே தவிர, கொலைச் சதிக்குப் பொருந்துமாறு எழுதப்படவில்லை. மேன்முறையீட்டில் அவர்கள் ஆயுள் தண்டனையோடு தப்பினார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கோபத்தில் எழுதும் சட்டம் அம்பைத்தான் முதலில் பிடிக்கிறது.

1976 க்குப் பின் எந்த ஜனாதிபதியும் தூக்கை நிறைவேற்றவில்லை. நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துக்கொண்டுதான் இருக்கின்றன. தீர்ப்பு வழங்கும்போது மண்டபத்தின் விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்துவார்கள் என்று செய்திகளில் வாசித்திருப்பீர்கள். ஆனால் கையொப்பம் வராது. 2019 ஜூன் மாதம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனையில் கையொப்பமிட்டுவிட்டதாக அறிவித்தார். ஜூலை 5 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

அந்த வருடம்தான் பத்திரிகையில் அலுகோசு வேலைக்கு விளம்பரம் வந்தது. தூக்கிலிடுபவருக்கு இலங்கையில் நாம் சொல்லும் இந்தச் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததாம். அவர்களுக்கு அது அரபியிலிருந்து போயிருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் இருப்பது நாம் அரபு வகுப்பில் படிக்கும் அதே "அல்" தான். கொலைஞர்களாக வேலைக்கு அமர்த்தப்பட்ட "குஸ்" என்ற துருக்கிய இனத்தாரின் பெயர் அது. எத்தனை நாடு கடந்து வந்தாலும் இந்த வேலைக்கு மட்டும் எல்லோரும் வேறு யாருடையதோ பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். விளம்பரத்துக்கு வருகிறேன். 18 முதல் 45 வயதுக்கு இடைப்பட்ட ஆண்களாக இருக்க வேண்டும், நல்லொழுக்கமும் மனத்தைரியமும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2014 இல், இதே வேலைக்கு ஒருவரைத் தெரிவுசெய்து பயிற்சியும் கொடுத்தார்கள். தூக்குமேடையைக் கண்ணால் பார்த்ததும் அவர் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார்.

அந்த மனிதரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். வேலை தேவைப்பட்டுத்தான் அவர் வந்திருப்பார். யாரும் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. மேடையைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் அந்த மேடையைப் பார்க்காமலே மண்டபத்தில் நின்று கயிறு கேட்டேன். கைதட்டியவர்களும் பார்த்ததில்லை. ஆளுநர் கையொப்பத்தை அனுப்பினார், சிறை அதிகாரிகள் மதிலுக்குள் ஒளித்தார்கள், மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார், ஜனாதிபதிகள் கோவையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் தூக்கு வேண்டும், ஆனால் அது வேறு ஒருவரின் கையால் நடக்க வேண்டும். செய்யவும் பார்க்கவும் நமக்கே தைரியமில்லாத ஒன்றைச் சட்டப் புத்தகத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. நிறைவேற்றாமல் விட்டால் போதாது, எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 1959 ஐப் போல இன்னொரு கோபம் வரும்போது கயிறு தயாராகவே இருக்கும்.

பிழையாகிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. 1950 மார்ச் 9 ஆம் திகதி லண்டனில் திமோதி எவன்ஸ் என்ற இளைஞர் தன் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் முக்கியமானவர் அதே வீட்டில் கீழே குடியிருந்த ஜோன் கிறிஸ்டி. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டின் சுவருக்குள்ளிருந்தும் தரைக்குக் கீழிருந்தும் தோட்டத்திலிருந்தும் பெண்களின் சடலங்கள் எடுக்கப்பட்டன. கொன்றவர் கிறிஸ்டி. அவரையும் தூக்கிலிட்டார்கள், எவன்ஸைத் தூக்கிலிட்ட அதே அல்பர்ட் பியர்பொயின்ட்தான் தூக்கிலிட்டார். 1966 இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? நூற்றுக்கணக்கானோரைத் தூக்கிலிட்ட பியர்பொயின்டே பிற்காலத்தில், இதனால் எந்தக் கொலையும் தடுக்கப்படவில்லை என்று எழுதினார். கொலைக்குத் தூக்கு என்பதை இங்கிலாந்து 1965 இல் நிறுத்திவைத்து 1969 இல் அடியோடு எடுத்துவிட்டது. அவர்கள் 1883 இல் நமக்கு எழுதித்தந்த தண்டனைச் சட்டக்கோவையில் அது இன்னும் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது வீட்டில் வாப்பா கேட்ட கேள்வியை உங்களில் பலரும் கேட்பீர்கள். "மார்க்கத்துலயே ஈக்கிற தண்டனைதானே மகள்?" ஷரீஅத்தைப் பற்றிப் பேச எனக்கு அறிவு போதாது, அதை உலமாக்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த அளவில், கிஸாஸில் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு மன்னிக்கும் உரிமை இருக்கிறது, நஷ்டஈடு பெற்றுக்கொண்டு உயிரை விடும் வழி இருக்கிறது, சந்தேகம் இருந்தால் தண்டனையைத் தவிர்க்கவும் சொல்லப்பட்டிருக்கிறது. வெலிக்கடைக் கயிற்றில் இவை ஒன்றும் இல்லை. அங்கே கொல்லப்பட்டவரின் உம்மா வந்து மன்னித்துவிட்டேன் என்று அழுதாலும் சட்டத்துக்கு அது பொருட்டல்ல. ஆங்கிலேயரின் கயிற்றுக்கு நாம் ஏன் மார்க்கத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும்?

மூதூர் ரிஸானா நபீக்கை நாம் மறந்திருக்க மாட்டோம். சவூதியில் அவர் பராமரித்த குழந்தை 2005 இல் இறந்தபோது அவருக்கு வயது பதினேழு, கடவுச்சீட்டில் மட்டும் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். 2013 ஜனவரி 9 ஆம் திகதி வாளால் அந்தத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. எனக்கு அது விபரம் தெரியாத வயது. ரேடியோவுக்குப் பக்கத்தில் உம்மும்மா அழுதுகொண்டிருந்தது மட்டும் ஞாபகம். மன்னிப்புக் கேட்டு நாடே எழுதியது, எல்லா இனத்தவரும் எழுதினார்கள். அந்தக் குடும்பம் மன்னிக்கவில்லை. அது அவர்களின் உரிமை. இப்போது எனக்கும் பதினேழு வயது. நமது சட்டத்தில் பதினெட்டு நிறையாதவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. ஒரு பிறந்த திகதியை மாற்றி எழுதினால் அந்தப் பாதுகாப்பு எவ்வளவு இலகுவாகப் போய்விடும் என்பதை ரிஸானாவின் கடவுச்சீட்டு காட்டியது.

விவாதம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு எதிர்வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டார். அந்த நானாவின் உம்மா. நான் பேசியது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர் தேத்தண்ணி தந்தார். "வித்தவன தூக்குல போடணும்டு சொன்னீங்களாம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "என்ட மகனும் வித்தவன்தான் மகள்" என்றார். "கடைசி ஒரு வருஷம் நாலஞ்சு பேருக்கு வித்துத்தான் அவனுக்குத் தேவையானத எடுத்தான். பொலிஸ் புடிச்சீந்தா அவனும் அந்தக் கணக்குத்தான்."

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். 1984 இல் திருத்தப்பட்ட போதைப்பொருள் சட்டத்தின்படி இரண்டு கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால், விற்றால், மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. இரண்டு கிராம். தொன் கணக்கில் கப்பலில் இறக்குபவன் அதைக் கையால் தொடுவதுகூட இல்லை. தொடுபவன் எதிர்வீட்டு நானா. நான் மண்டபத்தில் நின்று கேட்ட கயிறு யாருடைய கழுத்துக்கு அளவாக இருந்தது என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூள் விற்பவர்களை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிடிக்க வேண்டும், உள்ளே வைக்க வேண்டும், பணத்தைப் பறிக்க வேண்டும், மேலே இருப்பவனின் பெயர் வரும்வரை விசாரிக்க வேண்டும். செத்தவன் யாருடைய பெயரையும் சொல்லமாட்டான். சின்னவனைத் தூக்கிலிட்டால் நிம்மதியாகத் தூங்கப்போவது பெரியவன்தான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து முதலில் மாமியிடம்தான் கொண்டுபோனேன், அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாக. மூக்குக்கண்ணாடி போட்டு மெதுவாக வாசித்தார். மகனைப் பற்றிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "பேர் போடல்ல தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப போடுங்க" என்று தந்துவிட்டார். வாப்பாவும் வாசித்தார். அவர் இன்னும் என்னோடு உடன்படவில்லை. ஆனால் இரண்டு கிராம் என்றால் எவ்வளவு என்று உம்மாவிடம் கேட்டார். உம்மா சீனிப் போத்தலைத் திறந்து, தேக்கரண்டியில் அரைவாசி அள்ளி அவருக்குக் காட்டினார்.